பாருக்கு அடியில் இரண்டு விரல்

முதல் தடவை பார் பாதியில் நின்றபோது ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில பெஞ்ச் பிரஸ் தேர்வு அது. பெஞ்சில் படுத்து, எடை மாட்டிய கம்பியான பாரை நெஞ்சிலிருந்து மேலே தூக்க வேண்டும். ஐம்பது கிலோ, என் ஜிம்மில் அவள் தினமும் தூக்கிய எடைதான். மொத்தம் மூன்று வாய்ப்பு. ஒருமுறை கொடுத்த எடையைக் குறைக்கவும் விடமாட்டார்கள். மூன்றிலும் தவறினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

ஸ்டெல்லா தாமல் கிராமத்துக்காரி. சித்தாள் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. பிள்ளையார்பாளையத்தில் என் ஜிம்முக்கு வீல்சேரில் வந்த முதல் நாளே, "கல்லு தூக்கின கை மாஸ்டர் இது. பாவமா பாத்துக்கினு நிக்காம வெயிட்டப் போடுங்க" என்றாள். இருபது வருட ட்ரெய்னரான எனக்கு அன்று எல்லாமே புதுப்பாடம். காலை ஊன்றி உந்த முடியாது என்பதால் தொடையை பெல்ட்டால் பெஞ்சோடு கட்ட வேண்டும். பெல்ட் அழுத்தினாலும் அவளுக்குத் தெரியாது. கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று அவள் அம்மா பார்த்துச் சொல்வார். இதிலெல்லாம் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

கோட்டை விட்டது வேறு இடத்தில். ஜிம் வைப்பதற்கு முன் அண்ணனோடு தறியில் இருந்தவன் நான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அண்ணன் நெய்வார், பக்கத்திலிருந்து கரைக்கான நூல் ஓடும் நாடாக் கட்டையை நான் தள்ளுவேன். அவர் கை நிற்பதற்குள் என் கை போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திட்டு விழும். அந்தப் பழக்கம் ஜிம்மிலும் போகவில்லை. ஸ்டெல்லாவின் பார் பாதியில் கொஞ்சம் தயங்கினால் போதும், என் இரண்டு விரல் அவளுக்குத் தெரியாமல் தானாக அடியில் போய்த் தூக்கிவிடும். பிறகு "சூப்பர்மா, அம்பது!" என்று கத்துவதும் நான்தான்.

இரண்டாவது தடவையும் பார் அதே இடத்தில் நின்றது. மறுபடி தோல்விக்கான சிவப்பு விளக்கு. வீல்சேரை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் உண்மையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். "அடப்பாவி மாஸ்டர்! அதான் பாதியில என் கை யாருக்கோ காத்துக்கினு இருக்குதா?" என்றவள், என் மூஞ்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சரி, அழுவாதீங்க. எனக்குத் தெரியுற மாதிரி எதிர்ல போய் நில்லுங்க. கையப் பின்னால கட்டிக்கினு."

அப்படியே நின்றேன். படுக்கும் முன் ஒருமுறை என் கையைப் பார்த்துக்கொண்டாள். நடுவர் "ஸ்டார்ட்" என்றார். பார் இறங்கி நெஞ்சில் நின்றது, பிறகு ஏறியது. பாதி வந்தபோது முதுகுக்குப் பின்னால் என் விரல்கள் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டன. பார் நிற்கவே இல்லை. மூன்று வெள்ளை விளக்கு! அவள் அம்மா "ஸ்தோத்திரம்!" என்று போட்ட சத்தத்தில் நடுவரே சிரித்துவிட்டார்.

புதிதாக வரும் ட்ரெய்னர்களுக்குச் சொல்வது இதுதான்: பக்கத்திலேயே நில்லுங்கள். பார் விழுந்தால் பிடியுங்கள், தயங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வித்தியாசம் புரிய எனக்கு இருபது வருடம் ஆயிற்று.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டெல்லாவும் என் ஜிம்மில் நாலு பேருக்குப் பயிற்சி கொடுக்கிறாள். யாருடைய பாராவது பாதியில் தயங்கும்போது நான் ஓரடி எடுத்து வைத்தால் போதும்.

"மாஸ்டர், கை!" என்று ஒரு சத்தம் வரும். உடனே பின்னால் கட்டிக்கொள்வேன்.