நாலு கப்பல் தாங்கிய பாட்டில்

1. கேப்டன் கிளாஸைக் கீழே வைத்த நாள்

போர்ட் பிளேர் துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் இருக்கும் ஒரு ஹோட்டலில் இருபத்தாறு வருடம் பார் கவுண்டரில் நின்றவன் நான். போன வருடம்தான் ஓய்வு. பார் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பார்த்தால் காக்டெயில் பற்றியே கேட்கிறார்கள். குலுக்குவதற்கு ரெண்டு கை இருந்தால் போதும் ஐயா! திறந்த பாட்டிலை என்ன செய்வது என்று தெரியுமா, அதை முதலில் சொல்லுங்கள்.

எனக்கே தெரியாமல்தான் இருந்தது. எங்கள் தீவில் ஒரு பொருள் எத்தனை நாள் கெடாமல் இருக்கும் என்று நாள் கணக்கில் சொல்ல மாட்டோம், கப்பல் கணக்கில் சொல்வோம். மெயின்லேண்டிலிருந்து பத்து நாளைக்கு ஒரு கப்பல், அதுவும் வந்தால் வந்தது. வெங்காயம் ஒரு கப்பல் தாங்கும், உருளைக்கிழங்கு ரெண்டு. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட என் அப்பா, கருவாட்டுக்கு மூன்று கப்பல் கொடுப்பார். இந்தக் கணக்கை நான் பாருக்குள்ளும் கொண்டுபோனேன்.

ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர் வந்து தங்கினார். கையோடு கொண்டுவந்திருந்த வின்டேஜ் போர்ட் என்ற இனிப்பு ஒயினைத் திறக்கச் சொன்னார். முப்பது வருடப் பழசு. ரெண்டு கிளாஸ் குடித்துவிட்டு, மறுநாள் தெற்கே இன்னொரு தீவில் இருக்கும் ஹட் பே போய்த் திரும்ப வேண்டும் என்றார்.

"போயிட்டு வாங்க சார். இவ்ளோ பழைய சரக்கு, ரெண்டு கப்பல் தாங்கும்" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன்.

கடல் கெட்டது. ஹட் பே கப்பல் கேன்சல் மேல் கேன்சல். எட்டாம் நாள்தான் திரும்பி வந்தார். ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தவர் கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"செத்துப் போச்சுப்பா. பழசுன்னா தாங்கும்னு யாரு சொன்னா ஒனக்கு? இது ரெண்டு வருஷம்தான் பீப்பாயில இருந்துச்சு. மிச்ச வயசெல்லாம் கார்க் போட்ட பாட்டிலுக்குள்ள. காத்தே படாம வளர்ந்தது, தொறந்தா ரெண்டு மூணு நாள்தான். டானின்னு இன்னொரு போர்ட் இருக்கு. அது வருஷக்கணக்கா மரப்பீப்பாயில கெடந்து காத்தோட பழகினது. ஃப்ரிட்ஜுல வெச்சா மாசக்கணக்குல நிக்கும். ஒன் கப்பல் கணக்கெல்லாம் அதுக்குத்தான் செல்லும்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. மேனேஜர் பிஸ்வாஸ் சாப், டிக்லிபூர் பெங்காலி, அன்றே சட்டம் போட்டுவிட்டார். எந்த ஒயினாக இருந்தாலும் திறந்த மூன்றாம் நாள் கிச்சனுக்குப் போக வேண்டும். பஹஸ், அதாவது வாக்குவாதம், கிடையாது.

2. மத்தியான விருந்தில் மணியடித்த போன்

இரண்டு வருடம் கழித்து செல்வம் சார் வந்தார். திருநெல்வேலிக்காரர், கப்பல் அணையும் ஜெட்டி கட்டும் இன்ஜினியர், கார் நிக்கோபாரில் ஒரு மாத வேலை. அதற்கு முன் மூன்று நாள் தங்குவதற்காக, சென்னையில் டீச்சராக இருந்த மனைவி மங்கையை வரவழைத்திருந்தார். இருபதாவது கல்யாண நாள். மேஜையில் ஒரு பாட்டில். லேபிளைப் பார்த்ததும் எனக்குள் மத்தளம் கொட்டியது. இருபது வருட டானி!

"கல்யாணம் ஆன நாள்லயிருந்து இவரு ஏதாவது ஒரு கடல்லதான் இருக்காரு அண்ணே. இன்னைக்கு மட்டுந்தான் தரையில" என்று அந்த அம்மா சிரித்தார்.

ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊற்றினேன். சாப்பாடு பாதியில் போன் வந்தது. மழை நெருங்குவதால் நாளை மறுநாள் போக வேண்டிய கப்பல் இன்றே ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. செல்வம் சார் எழுந்தார். அந்த அம்மா கிளாஸைத் தள்ளி வைத்தார்.

"போங்க. இருபது வருஷமா போயிட்டுத்தானே இருக்கீங்க. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் விமானத்திலேயே ஊருக்குப் போய்விட்டார்.

அன்று கப்பலுக்குக் கிளம்பும் முன் செல்வம் சார் பையோடு கவுண்டருக்கு ஓடி வந்தார். "அந்தோணி, இதை வச்சிரும். வேலை முடிஞ்சதும் அவளை எப்பிடியாச்சும் இங்கன வர வச்சிருவேன். விட்ட எடத்துலயிருந்து ஆரம்பிக்கணும்வே. இதே பாட்டில்தான் வேணும்."

"நாலு கப்பல் தாங்கும் சார்" என்றேன். வாய் சும்மா இருந்ததா பாருங்கள்!

3. தொடக்கூடாது, முகரவும் கூடாது

விருந்தாளி வைத்துவிட்டுப் போகும் பாட்டிலுக்கு எங்கள் பாரில் ஒரு முறை உண்டு. ஒயின் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டு, பக்கத்தில் டேப் ஒட்டி, அவரிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு குறைந்தாலும் நம் பேர் போச்சு. அதாவது, கெட்டுவிட்டதா என்று நான் ருசி பார்க்க முடியாது. திறந்து முகர்ந்தால் புதுக் காற்று உள்ளே போகும், அதுவும் கூடாது. மூடியை இறுக்கி, ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் நிமிர்த்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் பிஸ்வாஸ் சாப் கண்டுபிடித்துவிட்டார்.

"அந்தோணி, யே க்யா ஹை? மூணு நாள் ஆச்சு. ஃபேங்க் தோ!"

"சாப், இதைத் தூக்கிப் போட முடியாது. இது டானி, பீப்பாயில வளர்ந்தது. லேபிளைப் பாருங்க. கார்க்கைப் பாருங்க, கையாலேயே திறந்து மூடுற மாதிரி மேல தொப்பி வெச்சிருக்கான். ஒரே நாள்ல குடிச்சு முடிக்கிற ஒயினுக்கு எதுக்கு சாப் இப்படி ஒரு மூடி?"

"கேப்டனுக்கும் நீ ஐஸா ஹி போலா தா. இப்படித்தான் சொன்னே."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆனாலும் விடவில்லை. "இது கெட்டுப் போயிருந்தா கவுண்டர் சாவியை உங்க கையில குடுத்துட்டு பேங்க்வெட்ல பிளேட் தூக்கப் போறேன் சாப்" என்றேன். "டீக் ஹை. சாவி ரெடியா வை" என்றார் அவர்.

சொல்லிவிட்டேனே தவிர, அந்த நாட்கள் எப்படிப் போயின என்று எனக்குத்தான் தெரியும். ஒரு கப்பல் வந்தது, டேப்பில் ஒரு கோடு போட்டேன். இரண்டாவது வந்தது. மூன்றாவது. கார் நிக்கோபாரிலிருந்து செல்வம் சார் போன் செய்தால் முதல் கேள்வியே "பாட்டில் இருக்கா?" என்பதுதான். "அம்மா பேசினாங்களா சார்?" என்று நான் கேட்பேன். "எடுக்க மாட்டேங்கா" என்பார். ஒரு நாள் குரல் மாறியிருந்தது. "எடுத்துட்டா! பாட்டில் இன்னும் அங்கன இருக்குன்னு சொன்னேன். சிரிச்ச மாதிரி இருந்துச்சு." நான் கவுண்டருக்குப் பின்னால் நின்று குதித்தேன், ஐம்பத்து நாலு வயதில்!

4. ஒரு வாய்

நாலாவது கப்பலுக்குக் கோடு போட்ட மறுநாள் மத்தியானம், அதே மேஜை. செல்வம் சார் சொன்னபடி வரவழைத்துவிட்டார், ஆனால் அந்த அம்மா அவருக்கு எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. பிஸ்வாஸ் சாப் தூண் ஓரமாக வந்து நின்றுகொண்டார். அவர் வேலை அங்கே ஒன்றும் இல்லை.

பாட்டிலைக் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா டேப்பைப் பார்த்தார்.

"இது என்ன அண்ணே, நாலு கோடு?"

"நாலு கப்பல்ம்மா. நாப்பது நாள் ஆச்சு."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். "நாலு கப்பல் வந்துட்டு ஊருக்குத் திரும்பிப் போயிருக்கு. ஒண்ணுலகூட நீங்க வீட்டுக்கு வரல."

செல்வம் சார் தன் கிளாஸை என் பக்கம் நகர்த்தினார். இதற்கு மேல் ஒயினும் கெட்டிருந்தால் அந்த மேஜையில் மிச்சம் ஒன்றும் இருக்காது. மூடியைத் திருகினேன். ஊற்றும்போதே வாசனை வந்துவிட்டது. வறுத்த முந்திரி, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் வெல்லப்பாகு. மாதாவே! உயிரோடு இருக்கிறது! கத்தாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு கணவருக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு ஒழுங்கா குடிக்கவே இல்லைங்க. நல்லாத்தான் இருக்கு."

நான் தூணைப் பார்த்தேன். பிஸ்வாஸ் சாப் சாவி வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, எதையோ தேடுவது போல உள்ளே போனார். மறுநாள் சட்டத்தாளில் ஒரு வரி சேர்ந்திருந்தது: "டானி மட்டும், அந்தோணியைக் கேட்கவும்."

சாப்பாடு முடிந்தபோது பாட்டிலில் கால்வாசி இருந்தது. நான் மார்க்கரை எடுத்துக்கொண்டு போனேன்.

"இன்னும் ஒரு கப்பல், ஒண்ணரைக் கப்பல் தாராளமா நிக்கும் சார். கோடு போட்டு வச்சிரட்டுமா?"

செல்வம் சார் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அணைத்து, என் கையில் கொடுத்தார்.

"இதை வச்சிரும் அந்தோணி. பாட்டிலை இங்கேயே விட்டுட்டுப் போம்."

திறந்த பாட்டிலின் வயதைக் கேட்காதீர்கள், அது மரத்தில் வளர்ந்ததா கண்ணாடியில் வளர்ந்ததா என்று கேளுங்கள். இது கேப்டன் எனக்குச் சொன்ன பாடம். தாங்கும் என்பதற்காக எதையும் எடுத்து வைத்துக்கொண்டே இருக்காதீர்கள். இதை செல்வம் சாரிடம் கற்றேன். அன்று சாயங்காலம் காலி பாட்டிலிலிருந்து நான் டேப்பை உரித்தபோதும் அவர் போன் என் கவுண்டரில்தான் இருந்தது.