மல்லாந்து படுத்த மனுஷன்

மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. பட்டப்பகல். துவைத்த துணியைக் கூடையில் தூக்கிக்கொண்டு மாடியறைக்குள் போனேன். என் வீட்டுக்காரர் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். முதுகு முழுக்க மெத்தையில் படிந்திருந்தது. இரண்டு கையும் வயிற்றின் மேல், வாய் மூடியிருந்தது, ஒரு சத்தம் இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூடையைப் போட்டுவிட்டு, "ஐயோ மாதாவே!" என்று அலறிக்கொண்டு ஓடித் தோளைப் பிடித்து உலுக்கினேன். கண்ணைத் திறந்தார்.

"இன்னாமே? இன்னாத்துக்கு இப்படி கூவறே? நல்லா தூங்கிக்கினு இருந்தேன்."

நான் தரையில் சிதறிக் கிடந்த துணியைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

தூங்குகிற மனுஷனைப் பார்த்து ஒருத்தி இப்படிக் கத்துவாளா என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் தெருவில் வாழ்ந்திருந்தால் தோன்றாது. திருவொற்றியூரில், மணலிப் பக்கம் போகிற வழியில் எங்கள் வீடு. அந்தத் தெருவில் வயதான ஆம்பளைகள் யாரும் படுத்துத் தூங்க மாட்டார்கள். சுவரில் சாய்ந்து, ஈசிசேரில், முதுகுக்கு இரண்டு மூன்று தலையணை கொடுத்து, உட்கார்ந்த வாக்கில்தான் தூக்கம். பாதிப்பேர் ஹார்பரில் கரியும் உரமும் இறக்கியவர்கள், மீதிப்பேர் கம்பெனிகளில் ஷிப்டு பார்த்தவர்கள். வேலைக்கு நடுவே உட்கார்ந்தபடி கண்ணசந்த பழக்கம் ரிட்டயர் ஆன பிறகும் விடவில்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம். அதில் ஒரு கெத்தும் உண்டு, படுக்கையில் விழாத ஆள் என்று. அப்படிப்பட்டவர் ஒருநாள் முதுகைச் சாய்த்துப் படுத்துவிட்டால், வீட்டில் இருப்பவள் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டுவிடுவாள். மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போவார். பிறகு அதிக நாள் ஆகாது. நான் பார்த்த எல்லாச் சாவும் அப்படித்தான் வந்தது.

என் வீட்டுக்காரர் கரி இறக்கும் இடத்தில் கிரேன் ஓட்டியவர். கல்யாணமான புதிதில் படுத்திருப்பார், அது வேறு கதை. எந்த வருஷத்திலிருந்து சுவரில் சாய ஆரம்பித்தார் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகளை அதட்டி அதட்டி முற்றிய தொண்டை, மெதுவாகப் பேச வராது. எங்களுக்கு ஒரே மகள். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறாள். "ரெண்டு பேரும் ரிட்டயர் ஆயாச்சு, இனிமே எங்ககூட வந்துடுங்க" என்று அவள்தான் எல்லா ஏற்பாடும் செய்து, நிரந்தரமாகவே தங்குகிற மாதிரி எங்களைக் கூட்டிப்போனாள்.

போன இடத்தில் அத்தனையும் அதிர்ச்சிதான். வீட்டுக்குள் குழாயைத் திறந்தால் எந்நேரமும் தண்ணீர் வந்தது, அதை விடுங்கள், அது நல்ல அதிர்ச்சி. தெரு என்று ஒன்று இருந்தது, அதில் ஆளே இல்லை. மகளும் மருமகனும் காலையில் காரில் ஏறிப் போனால் சாயங்காலம் வரைக்கும் நான் ஒரு மனுஷக் குரல் கேட்க மாட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல், நம் ஊரில் செய்கிற மாதிரி, கேட்டுக்கு வெளியே பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்தேன். யாராவது வந்தால் இரண்டு வார்த்தை பேசலாமே என்றுதான். ஒரு கார் நின்றது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி பதறிப்போய் இறங்கி, "ஆர் யூ ஓகே?" என்றாள். "சிட்டிங்" என்றேன். அவள் நம்பவில்லை. விழுந்துவிட்டேனா, வழி தெரியவில்லையா என்று கேட்டுக்கேட்டு, மகள் நம்பரை வாங்கி ஆஸ்பத்திரியில் வேலையாக இருந்தவளைக் கூப்பிட்டுவிட்டாள். வாசலில் உட்கார்ந்தால் விபத்து என்று நினைக்கிற ஊர்! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அடுத்தது எதிர்வீட்டுக் கிழவர். ஜன்னலில் என்னைப் பார்த்தால் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன், அந்த ஊரில் எனக்கு இருந்த சிநேகிதம் அவ்வளவுதான். ஒரு காலையில் வெள்ளை வண்டி ஒன்று வந்தது. இரண்டு பேர் உள்ளே போய் அவரை மூடி, சக்கரம் வைத்த கட்டிலில் படுக்கவைத்து உருட்டிக்கொண்டு வந்து ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். போய்விட்டார்கள். ஒரு அழுகை இல்லை, ஒரு பந்தல் இல்லை, தெருவில் ஒரு நாற்காலி போடவில்லை. கொஞ்ச நாளில் வீடு விற்பனைக்கு என்று போர்டு நட்டார்கள். நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் பின்னால் சோபாவில் என் வீட்டுக்காரர் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவர் ஆளே மாறிப்போயிருந்தார். ஊரில் டி.வி.யோடு சண்டை போடுவார், குழம்பில் புளி கூடினால் தெருவுக்கே கேட்கும். அங்கே சத்தமே கிடையாது. காலையில் மேட்டுத் தெரு முனைவரை நடந்துவிட்டு வருவார், போட்டதைச் சாப்பிடுவார், படுப்பார். எந்நேரமும் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. போகப்போகிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு அமைதி வரும் என்று எனக்குள் உறுதியாகிவிட்டது. இந்த மனுஷன் மனசு விட்டுப்போய்விட்டது, இங்கேயே வைத்திருந்தால் அந்த வெள்ளை வண்டிதான் வரும். எப்படியாவது உயிரோடு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

மகளிடம் சொன்னேன். "அப்பா இங்க நல்லாத்தாம்மா இருக்கார். நான் நர்ஸு, எனக்குத் தெரியாதா?" என்றாள்.

"படுத்த படுக்கையா கெடக்கறாரு, நல்லா கீறாராம்! இன்னாத்த நர்ஸு படிச்சியோ. பெத்தவங்கள இந்த ஊரு மண்ணுல பொதைச்சிட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாக்கறியா?"

அவள் முகம் வெளுத்துப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தவர், "வுடும்மா. அம்மா சொல்றபடி செய்யி" என்றார். அதன் பிறகு மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தாயா, அவரே என் கட்சி என்று எனக்கு ஒரே பெருமை. ஏர்போர்ட்டில் அவள் கட்டிப்பிடித்து அழுதபோதும், "இனிமே நாங்க இந்தப் பக்கம் வர மாட்டோம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ராயபுரம் தாண்டிக் கடலோர ரோட்டில் டாக்ஸி ஏறியதும் எனக்கு உயிர் வந்தது. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன, ஒருத்தன் ஹாரனை அழுத்தினால் அத்தனை பேரும் அழுத்தினார்கள். மீன், டீசல், மணலி கம்பெனிகள் பக்கமிருந்து வரும் அந்த நாற்றம். ஆமாம், நாற்றம்தான், அதைச் சந்தனம் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் என் நாற்றம். அவர் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிடச் சின்னவள், ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா! இன்னாக்கா இப்படி துரும்பா எளச்சி வந்துகீறே? மாமாவ பாரு, ஷோக்கா கீறாரு, மூஞ்சி பளபளன்னு!"

"குளுருல வெளுத்துப் போய்ட்டாருடி. ஒனக்கு இன்னா தெரியும், ஆள பொணமாட்டம் கெடக்க வுட்டுட்டாங்க" என்றேன்.

வந்த சில நாளிலேயே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சுவரோரம் போய், தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து, உட்கார்ந்தபடி கண்ணை மூடினார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்! அடுத்த வாரம் விடியற்காலையில் அவருடைய பழைய இருமல் வந்தது. தெருவுக்கே அலாரம் அடிக்கிற அந்த இருமல். "எங்க ஊட்டுக்காரரு பழைய ஆளாய்ட்டாரு" என்று கேட்டவர், கேட்காதவர் எல்லாரிடமும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினேன்.

பிறகு ஒருநாள் மீன் வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனால் பாதி வழியில் ஒரு கடைப்படியில் உட்கார்ந்திருந்தார். மீன் பை தரையில் கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பேச வாய் திறக்கிறார், வார்த்தைக்கு மூச்சு போதவில்லை. ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன்.

மூக்கில் மருந்துப் புகை வைத்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு டாக்டரம்மா கேட்டார்: "படுத்துத் தூங்க முடியுதா இவரால?"

"இல்ல டாக்டர். இப்போ நல்லாயிட்டாரு. உக்காந்துதான் தூங்கறாரு" என்றேன் பெருமையாக.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மா, படுத்தா மூச்சு முட்டுது. அதனாலதான் உக்காந்து தூங்கறார். நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. இது எத்தனை வருஷமா இருக்கு?"

"எப்பவுமே இப்படித்தான் டாக்டர். எங்க தெருவுல எல்லாரும் இப்படித்தான். அந்த ஊர்ல இருந்தப்பதான் மல்லாந்து படுத்துட்டாரு."

"எந்த ஊர்ல?"

சொன்னேன். சொல்லும்போதே எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. டாக்டரம்மா மெதுவாக, "அங்க நல்ல காத்து. இவருக்கு மூச்சு வந்திருக்கு, படுத்திருக்கார். ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். நான் மருந்துச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தேன்.

ஆட்டோவில் டேங்கர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது எனக்கு வெடித்தது. "யோவ், வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினு இருந்தே? அங்க மூச்சு நல்லா வருதுன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா கொறஞ்சா பூடுவே? நான் ஒரு கூறு கெட்டவ, நீயுமா?"

அவர் ஒவ்வொரு வார்த்தையாக விட்டு விட்டுப் பேசினார். "நீ அங்க... செவுத்தோட பேசிக்கினு இருந்தேமே. சோறு எறங்கல ஒனக்கு. என் தூக்கத்துக்காவ... ஒன்ன அங்க கட்டிப்போட சொல்றியா?"

இவர் சாகப்போகிறார் என்று நான் இழுத்துக்கொண்டு வந்தேன். நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் என் பின்னாலேயே வந்திருக்கிறார். பாவி மனுஷன்.

தெருமுனையில் இறங்கி நடந்தோம். உச்சி வெயில், எல்லார் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆம்பளை சுவரில் சாய்ந்து, வாய் திறந்து, உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் போய் வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஒவ்வொருவர் விலா எலும்பும் ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என் கையைப் பிடித்து நடந்த ஆளின் விலாவும் அப்படியேதான் ஏறி இறங்கியது.

வீட்டுக்குப் போனதும் மகளைப் போனில் கூப்பிட்டேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நான் பேசிய பேச்சுக்கு அவள் போனை வைத்திருந்தாலும் தப்பில்லை. அவள் வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும்மா. அப்பா அங்க மூச்சு விட முடியாதுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'ஒங்கம்மா இங்க இருந்தா பொழைக்க மாட்டா, நீ வாயத் தொறக்காத'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார்."

இது தெரிந்துதான் அவள் என்னிடம் அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"விசா அப்படியேதான் இருக்கு, நான் எதையும் மாத்தல. இன்னைக்கே டிக்கெட் போடறேன்" என்றாள். பிறகு, ரொம்பத் தயங்கி, "ஒண்ணா, ரெண்டாம்மா?" என்றாள்.

என்ன கேள்வி அது! ஆனால் கேட்கத் தெரிந்த பிள்ளை. அவரை மட்டும் அனுப்பிவிட்டு நான் இங்கேயே இருக்கலாம், அதையும் அவள் எனக்கு விட்டுக்கொடுத்தாள். சுவரில் சாய்ந்திருந்தவர் கண்ணை மூடியிருந்தார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும். என் பதிலுக்காக இருமலை அடக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு" என்றேன்.

போனை வைத்துவிட்டு, அந்த ஊரில் வாய்விட்டு அழ முடியாது என்று, நடுக்கூடத்தில் உட்கார்ந்து தெருவே கேட்கிற மாதிரி அழுது தீர்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாக்கா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று என் தலையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காரணம் என்னவென்று தெரியாமலேயே அவளும் அழுதாள்.