தேன்பருந்தை அழைத்தேன்

பறவை தானாக வந்தால் பார்ப்பேன்; வராவிட்டால் திரும்பிவிடுவேன். ஒருநாள் அப்படித் திரும்பவில்லை.

எங்கள் சுற்றுச்சூழல் குழு, பறவை பார்க்கப் பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்கு அழைத்துப் போயிருந்தது. ஒன்றும் கண்ணில் படவில்லை. செல்போனில் குரல் போட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. பிள்ளைகளின் முகம் வாடவே, தேன்பருந்தின் குரலைப் போட்டுவிட்டேன்.

"அக்கா, வந்துடுச்சி!" என்று கைதட்டினார்கள்.

பருந்து எங்கள் தலைக்கு மேல் பாறையில் தொங்கிய தேன்கூட்டைப் பிய்த்தது. தேனீக்கள் கரும்புகையாக இறங்கின.

"இன்னாம்மா பாத்துக்கினு நிக்கிற? புள்ளைங்கள உள்ள தள்ளு, இருட்டுல வராது!" பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள்.

கோட்டையின் பழைய நெற்களஞ்சியத்துக்குள் ஓடினோம். இருட்டில் பிள்ளைகள் என்னை ஒட்டி நின்றார்கள். என் பைக்குள் செல்போன் இன்னும் பருந்தின் குரலில் அழைத்துக்கொண்டிருந்தது.

வெளியே பருந்து பதில் சொன்னது.