ஹெட்போன் மாட்டிய சௌந்திரம்

குமாரபாளையத்தில் அப்புசாமியின் விசைத்தறிப் பட்டறைக்குள் முதல் தடவை நுழைகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் எதையோ மென்றுகொண்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள். அவர்கள் மெல்லவில்லை, பேசுகிறார்கள். அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒரு சொல் கேட்காது. ஆகவே அங்கே யாரும் கத்துவதில்லை. குரலே எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைப்பார்கள். கூடவே கை, புருவம், மூக்கு எல்லாம் பேசும். எதிர்த் தறியில் நிற்பவர் அதைக் கண்ணால் பார்த்து விளங்கிக்கொள்வார். வேலைக்கு வந்த ஓரிரண்டு வருடத்தில் இது தானாக வந்துவிடுகிறது. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் அந்தப் பட்டறையில் கணக்குப் பார்க்கிறவன். என் அறைக்கும் தறிகளுக்கும் நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. பார்த்துப் பார்த்து எனக்கும் பாதிக்கு மேல் புரியும். இங்கே எழுதுவதில் சில நான் கண்ணால் கண்டவை. மற்றவற்றைச் சௌந்திரத்திடமும் பெருமாயியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போனவற்றை மட்டுமே சேர்த்திருக்கிறேன்.

சௌந்திரம் எருமப்பட்டிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ வந்தவர். கணவர் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விடுவார். ஒரே மகள் மதுமதி, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சௌந்திரம் இரண்டு தறிகளைப் பார்த்துக்கொள்கிறார். நடைபாதைக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் எதிரே, பெருமாயியின் தறிகள். பெருமாயி தம்மம்பட்டிக்காரர், வயதில் மூத்தவர். இந்த இருவரும் எதிரெதிரே நிற்க ஆரம்பித்தபோது மதுமதி கைக்குழந்தை.

சௌந்திரம் நன்றாகக் கதை சொல்வார். முந்தின நாள் டிவி சீரியலை மறுநாள் ஷிப்டில் முழுவதுமாக நடித்துக் காட்டிவிடுவார். மாமியார் வரும் இடத்தில் முகம் இறுகும், மருமகள் வரும் இடத்தில் உதடு துடிக்கும். ஒரு கை மட்டும் தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருக்கும். பெருமாயி வீட்டிலும் டிவி இருக்கிறது. சௌந்திரம் சொல்வதில் இருக்கிற ருசி அதில் இல்லை என்று அவர் சீரியலே பார்ப்பதில்லை.

இரைச்சலிலேயே இருந்ததால் சௌந்திரத்துக்குக் காது மந்தமாகிவிட்டது. வீட்டில் டிவி சத்தம் தெருமுனை வரை வரும். செல்போனில் பேசினால் மறுமுனையில் இருப்பவர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். நீ பேசுவதற்குப் போன் எதற்கு, வாசலில் நின்று பேசினாலே நாக்பூருக்குக் கேட்குமே என்று கணவர் கேலி செய்வார். ஆடி மாதத்தில் மதுமதி ஊருக்கு வந்தபோது அம்மாவை ஈரோட்டில் ஒரு காது டாக்டரிடம் அழைத்துப்போனாள். போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தறி ஓட்டும்போது காதை மூடிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பேரப்பிள்ளை அழுவது கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுமதியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. சனிக்கிழமை முழுவதும் எதிரெதிர்த் தறிகளுக்கு நடுவே அந்தப் பேச்சுதான். மாப்பிள்ளை வீடு பள்ளிபாளையம். அதற்கு மேல் சொல்வதற்குள் ஷிப்ட் முடிந்துவிட்டது. மீதியைத் திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சௌந்திரம் கிளம்பிப் போனார்.

திங்கட்கிழமை அவர் தலையில் ஒரு கருப்பு ஹெட்போனோடு வந்தார். இரண்டு காதையும் முழுதாக மூடுகிற பெரிய வகை. மதுமதி ஆபீசில் தான் மாட்டிக்கொள்வதை அம்மாவுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பாட்டு எதுவும் போட வேண்டாம், பொத்தானை அமுக்கிவிட்டு மாட்டிக்கொண்டால் போதும், வெளிச்சத்தம் அடங்கிவிடும் என்று சொல்லியிருந்தாள். சௌந்திரம் அப்படியே செய்தார். தறிச் சத்தம் சட்டென்று எங்கோ தூரத்துக்குப் போனது. கண்ணாடி வழியே அவர் முகத்தைப் பார்த்தேன். தலையிலிருந்து பெரிய சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடு எதிரே பார்த்தார். பெருமாயி ஹெட்போனை ஒருமுறை பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுவதும் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

திரும்பாதவரிடம் உதட்டால் எப்படிப் பேசுவது? டீ நேரத்தில் தறிகள் நின்றதும் சௌந்திரம் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அருகே போனார். பெருமாயி டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். பெண் பார்க்கும் அன்று தன்னை அழைக்கவில்லை என்று அக்காவுக்குக் கோபம் என்று சௌந்திரம் நினைத்துக்கொண்டார். அழைத்திருக்க வேண்டும்தான் என்று அவருக்கே மனது உறுத்தியதால் வலியப் போய்ப் பேச வாய் வரவில்லை. செவ்வாயும் இப்படியே போனது. புதனன்று சௌந்திரம் பெருமாயிக்குப் பிடித்த வெல்லக் கச்சாயம் சுட்டு, தூக்குச் சட்டியில் எடுத்துவந்து அவர் பைக்குப் பக்கத்தில் வைத்தார். சாயங்காலம் அது வைத்தபடியே இருந்தது. மகள் கல்யாணம் கூடிவரும் நேரத்தில் இந்த ஒரு ஆள் இல்லாமல் அதில் என்ன இருக்கிறது என்று அன்று என் அறைக்கு வந்து கண் கலங்கினார். நானும் பெருமாயியிடம் கேட்டுப் பார்த்தேன். எனக்கு வேலை இருக்கிறது என்று அவர் போய்விட்டார்.

வியாழக்கிழமை அந்த முடிச்சை அவிழ்த்தது சரிதா. சௌந்திரத்துக்கு அடுத்த தறி ஓட்டுகிற பெண் அவர். அவர் எதிர்ப்பக்கம் பார்த்து உதட்டை அசைத்தார்.

"ஏனுங்க அக்கா, உங்களுக்கும் சௌந்திரம் அக்காவுக்கும் சண்டைங்களா?"

சரிதாவுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பெருமாயி இந்தப் பக்கம் திரும்பித்தான் ஆக வேண்டும். திரும்பினார்.

"சண்டை போடறதுக்கும் காது கேக்கணுமில்ல? மண்டையில வாணலியக் கவுத்துக்கிட்டு நிக்கறா. மவ வாங்கியாந்துட்டா, பாட்டு இருக்குது. இனி நம்ம பேச்சு எதுக்கு?"

சரிதா கண்ணால் சௌந்திரத்தைக் காட்டி, அவர் பார்க்கிறார் என்று சைகை செய்தார்.

"பாக்கட்டும். காதுதான் அடைச்சுக் கெடக்குதே," என்றார் பெருமாயி. அதற்கப்புறம் நான்கு நாளாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. பட்டறைத் தூணில் மதுமதிக்குத் தொட்டில் கட்டியதே தான்தான் என்றார். இப்போது பெண் பார்க்க வந்தார்களா, போனார்களா, பெண்ணைப் பிடித்ததா, ஒன்றும் தெரியவில்லை, ராத்திரி தூக்கம் இல்லை என்றார். கச்சாயத்தின் வாசனை வேறு ஒரு நாள் முழுக்கக் கொன்றுவிட்டது என்றார். இவள் முகத்தைப் பார்க்காமல் ஷிப்ட் நகர மாட்டேன் என்கிறது என்றும் சொன்னார். இத்தனையும் சௌந்திரத்தின் கண்ணுக்கு நேராக, வாயை நன்றாகத் திறந்து.

சௌந்திரம் அசையாமல் நின்று கடைசி வரை பார்த்தார். பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். பெருமாயி பார்த்ததும் உதட்டை அசைத்தார்.

"பொண்ணப் புடிச்சுதுக்கா."

"அப்படியா! தேதி எப்ப…" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டுப் பெருமாயி வாயைப் பாதியில் மூடினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நான் பேசுனது உனக்குக் கேட்டுச்சா?"

"நீங்க பேசி எனக்கு எந்தக் காலத்துல கேட்டுதுங்க்கா? எப்பவும் பாக்கறதுதானுங்களே."

பெருமாயி நெய்த துணிச் சுருளின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகிறாரோ என்று நான் எழுந்துவிட்டேன். தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. சரிதாவின் முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்துப்போனது. இந்த நான்கு நாளில் தான் சௌந்திரத்தைப் பற்றி என்னென்ன பேசினோம் என்று யோசித்துப் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

டீ முடிந்து தறிகள் திரும்ப ஓடியதும், பெருமாயி ஹெட்போனை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார். கழற்றினார். மறுபடியும் மாட்டினார். பின்பு, பட்டறையில் யாரும் செய்யாத காரியமாக, கழுத்து நரம்பு புடைக்க வாய்விட்டே கத்தினார். தறியெல்லாம் ஆத்தைத் தாண்டிப் பவானிக்குப் போய்விட்டது என்றார்.

அதன்பின் சௌந்திரம் பாக்கிக் கதையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களில் மாப்பிள்ளையின் அம்மா முத்தாயம்மாளுக்கும் தறி ஓட்டிப் பழக்கம். அவர் குரலும் சௌந்திரத்தின் குரலைப் போலத்தான். இரண்டு பேரும் வணக்கம் சொல்லிக்கொண்டதைக் கேட்டே பக்கத்து வீட்டுக்காரர் என்ன தகராறு என்று எட்டிப் பார்த்தாராம். கூடத்தில் ஆண்கள் நிலம், ஜாதகம், சொந்தபந்தம் என்று ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு மேலாக முத்தாயம்மாள் இந்தக் கோடியிலிருந்த சௌந்திரத்தைப் பார்த்துச் சும்மா உதட்டை அசைத்திருக்கிறார். பெண்ணுக்குச் சம்மதமா என்று. சௌந்திரம் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, சம்மதம், பையனுக்கு என்று கேட்டிருக்கிறார். ஆண்கள் இன்னும் பெரியப்பா வழி எது, சித்தப்பா வழி எது என்று முடிவு செய்யாதபோதே, அம்மாக்கள் ஐப்பசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் பெருமாயியின் இரண்டு தறிகளும் நின்றிருந்தன. அவர் கவனிக்கவில்லை. அப்புசாமி அதைப் பார்த்துவிட்டு வந்து, நடைபாதையில் இருவருக்கும் நடுவே நின்று கையை ஆட்டிக் கோபப்பட்டார். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், மறைக்கிறது என்று சைகை வந்தது. பாவம், அவர் தள்ளி நின்றார். பிறகு என் அறைக்கு வந்து, "நான் இங்க மொதலாளிங்களா, இல்ல மறைப்புத் தட்டிங்களா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்தார்.

அடுத்த தடவை சௌந்திரத்தின் கணவர் ஊர் திரும்பும்போது, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிக்காரர்கள் போட்டுக்கொள்கிற மஞ்சள் காதுமூடி ஒன்றைப் பெருமாயிக்காக வாங்கிவந்தார். அதில் பொத்தானும் இல்லை, பாட்டும் இல்லை. பெருமாயி அதைப் போட்டுக்கொண்டுதான் இப்போது தறி ஓட்டுகிறார்.

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. கெட்டிமேளம் முழங்கியபோது அட்சதை போட்டவர்கள் சொன்ன வாழ்த்து ஒன்றும் யார் காதிலும் விழவில்லை. நான் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் சௌந்திரத்துக்குக் கண்ணில் நீர் வழிந்தது. கீழே கூட்டத்தின் நடுவே பெருமாயி எழுந்து நின்று மேடையைப் பார்த்து உதட்டை அசைத்தார். எனக்கு நன்றாகவே புரிந்தது.

"அழுவாத புள்ள, போட்டோவுல விழுது."

சௌந்திரம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற முத்தாயம்மாளும் அவசரமாகத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.