மூச்சு நின்றது எனக்கு மட்டும் தெரியாது

நாங்கள் வசிக்கும் நியூ லின் நகரில், ஒரு சிக்னலில் சிவப்பு விளக்குக்குக் காரை நிறுத்தியவள், அப்படியே நித்திரையாகிவிட்டேன். மத்தியானம் இரண்டு மணி. பின்னால் நின்றவர் ஹோர்ன் அடித்துத்தான் எழுப்பினார். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிப்பது என் வேலை. கார் ஓட்டாவிட்டால் அது இல்லை.

அதற்கு முன் நாலு வருடங்களாகக் காலையில் தலையிடி, நாள் முழுக்கக் களைப்பு. மனச்சோர்வு என்று குடும்ப மருத்துவர் குளிசை தந்தார். குறட்டை விடுவீர்களா என்று கேட்டார், இல்லை என்றேன். நித்திரையில் கிடப்பவளுக்கு எப்படித் தெரியும்? இடுப்பு நோவு என்று கணவர் மற்ற அறைக்குப் படுக்கப் போனதையும் நம்பினேன்.

சிக்னலில் நடந்ததை மருத்துவரிடம் சொல்லப் போனபோது கணவரும் கூட வந்தார். மருத்துவர் சென்னைக்காரர்.

"தூக்கத்துல இவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதா சார்?"

"ஓம் டொக்டர். கனகாலமா."

"ஏன் சார் இத்தனை நாள் சொல்லலை?"

"பொம்பிளை குறட்டை விடுறா எண்டு எப்பிடி வெளியில சொல்லுறது? அவவின்ர மரியாதை..."

அட பாவி மனுசா! ஆனாலும் என் மரியாதைக்காகத்தானே மறைத்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பரிசோதனையில் உறக்க மூச்சுத்தடை (நித்திரையில் தொண்டை மூடி, மூச்சு அடிக்கடி நின்றுபோவது) என்று வந்தது. சிகிச்சை பலன் தரும்வரை கார் ஓட்டக் கூடாது என்றார்கள். காற்று செலுத்தும் முகமூடி எனக்கு ஒத்துவரவில்லை. பல் மருத்துவர் வாய்க் கருவி (கீழ்த்தாடையைச் சற்று முன்னே பிடித்துவைத்து, தொண்டை மூடாமல் காக்கும் பல் உறை) செய்து தந்தார்.

முதல் கிழமைகளில் எச்சில் வழிந்தது. தாடை நொந்தது. காலையில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தவில்லை. பயந்து தூக்கி எறிந்துவிடாதீர்கள். பல் மருத்துவரிடம் சொன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார். ஆண்கள் குறட்டை விடுவதாகக் கேட்டதுமே மருத்துவர்கள் இந்த நோயை நினைக்கிறார்கள். பெண்களுக்கு அது வெறும் களைப்பாக, சோர்வாக வரலாம். ஆகவே உங்கள் நித்திரையைப் பார்த்தவர்களை வாய் திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

மூன்று மாதத்தில் மறுபரிசோதனை நல்லபடி வந்தது. இனி கார் ஓட்டலாம் என்றார் மருத்துவர். அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான் கனடாவிலிருந்து கணவரின் தங்கை அழைத்தாள்.

"மச்சாள், உங்கட வீட்டு மோட்டார் நிண்டுட்டுதாமே! முந்தி அண்ணா உங்கட குறட்டையை ஃபோனில பதிஞ்சு அனுப்பேக்க, சிரிச்சுச் சிரிச்சு எங்களுக்கு வயிறு நொந்து போச்சு."

மரியாதையாம் மரியாதை! மருத்துவரிடம் சொல்ல வெட்கம். தங்கையோடு சேர்ந்து சிரிக்க வெட்கமில்லை. நான் மூச்சில்லாமல் கிடந்ததைப் பதிவுசெய்து அனுப்பியிருக்கிறார். ஃபோனை வைத்துவிட்டேன். இந்த நோய் கூட எனக்கு இவ்வளவு துரோகம் செய்யவில்லை.

தாடை காலையில் தன் இடத்துக்கு வர இப்போதும் அரை மணிநேரம் எடுக்கிறது. பொறுக்கப் பழகிவிட்டேன். பின்னேரங்கள் எனக்குப் புதிது. இத்தனை வருடம் அந்த நேரத்தில் நான் தெளிவாக இருந்ததே இல்லை. போன ஞாயிறு அப்படியொரு பின்னேரம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கணவர் தலையணையோடு அறை வாசலில் வந்து நின்றார்.

"இப்ப சத்தம் இல்லைத்தானே. நான் திரும்பி இஞ்சயே படுக்கட்டே?"

"வேண்டாம். என்ர மூச்சு நிக்கேக்க கேட்டுச் சிரிச்சனீங்கள். இனி அது வாறதை நான் தனியக் கேக்கிறன்."