ஆரியசாலையில் லாரிக்கு முன்னால் நடந்தவர்கள்

நாகர்கோவிலில் என் வீட்டிலிருந்து நான் பாடம் சொல்லித்தரும் பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர். பல வருடம் சைக்கிளில்தான் போனேன். பிறகு பஸ்ஸுக்கும் லாரிக்கும் பயந்து விட்டுவிட்டேன். அந்த நேரத்தில்தான், திருவனந்தபுரத்தில் என் கல்லூரித் தோழி கல்யாணி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் தெருவில் இடம் கேட்டுக் கையெழுத்து வாங்குகிறாள் என்று தெரிந்தது. இதையெல்லாம் கேட்டால் யாராவது கொடுப்பார்களா? நேரில் பார்த்துவிடலாம் என்று 2007 ஜனவரியில் கிளம்பினேன். கேரளத்தில் இரண்டாம் சனிக்கிழமை அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. அவள் குழு தெருவில் இறங்குவதும் அன்றுதான்.

வெள்ளி மாலை பாசஞ்சர் ரயில். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், டிக்கெட் பதின்மூன்று ரூபாய். திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி, கல்யாணி வீடு இருக்கும் ஸ்ரீவராகத்துக்கு நடந்து போகலாமா என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "நடக்காம் சேச்சி. பக்ஷே நடக்கான் ஸ்தலம் வேண்டே?" என்று சிரித்தார். நடக்கலாம், ஆனால் நடக்க இடம் வேண்டாமா என்கிறார். ஆட்டோவுக்கு இருபத்தைந்து ரூபாய் கொடுத்துப் போய்ச் சேர்ந்தேன்.

கதவைத் திறந்த கல்யாணி லேசாக நொண்டினாள். ஆரியசாலை கடைத்தெருவில் ஓடை மேல் நடைபாதையாக மூடியிருந்த ஸ்லாப் ஒன்று உடைந்து, உள்ளே விழுந்து கணுக்கால் முறிந்ததாம். மூன்று மாதம் படுக்கை. "ஆபீஸ் லீவெல்லாம் தீர்ந்துபோச்சு கேட்டியா. படுத்துண்டே ஒவ்வொருத்தருக்கா போன் போட்டேன். பின்னே, வேற என்ன பண்றது?" என்றாள். அப்படிச் சேர்ந்தவர்கள் ஐந்து பேர், அவளோடு ஆறு.

அவர்கள் கேட்டது இரண்டே விஷயம். உடைந்த ஸ்லாப்புகளை மாற்ற வேண்டும். காலை எட்டு முதல் பத்து மணி வரை, பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகம் போகிறவர்களும் நடக்கிற நேரத்தில், சரக்கு லாரி தெருவுக்குள் வரக்கூடாது. முதலாவதற்குக் கார்ப்பரேஷனில் மனு கொடுத்தாயிற்று. இரண்டாவதற்கு வியாபாரிகளின் கையெழுத்து வேண்டும். அவர்களில் மற்றவர்கள் பார்த்து நடக்கிற ஆள் சங்கரலிங்கம் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர், மிளகாய் மல்லி மொத்தக் கடை.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு நானும் கல்யாணியும் அவர் கடைக்குப் போனோம். மிளகாய் நெடியில் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. கல்யாணி நீட்டிய கையெழுத்துத் தாளை அண்ணாச்சி தொடவே இல்லை.

"ஏம்மா, காலைல லாரி வரலேன்னா சரக்கு எப்பிடி எறங்கும்? கடையப் பூட்டிட்டுப் போவச் சொல்லுதீங்களா?"

கல்யாணி வாதாடவில்லை. "அண்ணாச்சி, பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னோட நடந்து வரேளா? அப்புறம் கையெழுத்து போட வேண்டாம்னாலும் சாரமில்லே, பரவாயில்லே," என்றாள்.

"நான் ஸ்கூட்டர்ல வந்து போறவன். நடந்து என்னத்துக்கு?" என்றார். ஆனால் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

முந்நூறு அடி தூரம்கூட இருக்காது. நான் பின்னால் எண்ணிக்கொண்டே போனேன். நடைபாதையை விட்டு நாங்கள் பதினொரு தடவை தெருவில் இறங்க வேண்டியிருந்தது. மூட்டை, தராசு, நிறுத்திய ஸ்கூட்டர், வாய் பிளந்த ஓடை. பன்னிரண்டாவது தடவை இறங்கும்போது ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. கல்யாணி ஒதுங்கிவிட்டாள். அண்ணாச்சி பார்க்கவில்லை. "மாறு! மாறு!" என்று விலகச் சொல்லிக் கத்தியபடி, தலையில் மூட்டையோடு வந்த சுமட்டுத் தொழிலாளி ஒருவர் ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். லாரி, அண்ணாச்சி நின்றிருந்த இடத்தைத் தாண்டிப்போய்த்தான் நின்றது.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் வெளுத்துவிட்டது. மூட்டையை இறக்கி வைத்தவர் பெயர் தங்கப்பன். சந்தைத் தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"மொதலாளி இன்னிக்கித்தான் நடக்குது. நாங்க தெவசம் இதே வழியா, தலையில சொமடோட நடக்குது. எங்ககிட்ட ஆராவது சோதிச்சோ?" தினமும் நடக்கிற எங்களிடம் யாராவது கேட்டீர்களா என்கிறார்.

கல்யாணி அவரையே பார்த்தாள். குழுவில் யாரும் அதுவரை சுமட்டுத் தொழிலாளர்களிடம் போனதில்லை. லாரி நேரம் மாறினால் அவர்கள் எதிர்ப்பார்கள் என்று தாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். "தப்பு எங்க மேலதான்," என்றாள் வெளிப்படையாக.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. "லாரி ஆறு மணிக்கே வந்தா உங்களால முடியுமா?" என்று தங்கப்பனைக் கேட்டேன்.

"ஆறு மணிக்கு வெயிலில்லா, ஆளுமில்லா. சொமடு எடுக்க அதாணு சுகம். பக்ஷே யூனியன்ல பறயணும். கடையும் தொறக்கணுமல்லோ." கடைசி வார்த்தைக்கு அண்ணாச்சியைப் பார்த்தார்.

அண்ணாச்சி இழுபட்ட சட்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஆறு மணிக்குக் கடை தொறக்கணும்னா நான் நாலரைக்கு எந்திரிக்கணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். இந்தத் தடவை ஒவ்வொரு அடியும் கீழே பார்த்து.

அன்று கையெழுத்து கிடைக்கவில்லை. ஞாயிறு காலை ரயிலில், வீணாய் வந்தேனோ என்று நினைத்தபடி ஊர் திரும்பினேன். மார்ச்சில் கல்யாணி போன் செய்தாள்.

"அண்ணாச்சி கையெழுத்து போட்டாரா?"

"இல்லடி. போடவே மாட்டேன்னுட்டார். ஆனா ரெண்டு வாரமா ஆறு மணிக்குக் கடை தொறக்கறார். அவர் தொறந்தா மத்தவாளும் தொறக்கத்தானே வேணும்? எட்டுக்கு மேல லாரி ஒண்ணோ ரெண்டோதான்."

ஒரு பக்க ஸ்லாப்புகள் மாறிவிட்டன. மறுபக்கம் அப்படியே கிடக்கிறது. தங்கப்பன் இப்போது குழுவின் ஏழாவது ஆள். இங்கே எங்கள் பள்ளித் தெருவில் யாரைக் கேட்காமல் விட்டிருக்கிறோம் என்று நான் யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன்.

போகிறவர்களுக்கு: தம்பானூரிலிருந்து கிழக்கே கோட்டை (ஈஸ்ட் ஃபோர்ட்) வரை சுமார் ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து கடைவீதி வழியாக ஆரியசாலைக்குக் கிட்டத்தட்ட இன்னொரு கிலோமீட்டர். எட்டிலிருந்து பத்துக்குள் போங்கள். மூடிய செருப்பு நல்லது. கிழக்கே கோட்டையிலிருந்து போகும்போது வலது பக்கமாக நடந்தால் குனிந்து பார்த்துக்கொண்டே நடங்கள். இடது பக்கம் என்றால் நிமிர்ந்தே நடக்கலாம்.