மச்சினனுக்காக மறியல் போன மூக்கன்

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் லொறி மூக்கனைத் தெரியாதவர் கிடையாது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, கிளீனராகத் தொற்றிக்கொண்டு, கடைசியில் தோட்டத்து லொறிக்கே டிரைவர் ஆனவன். வாயைத் திறந்தால் உண்மையைத் தவிர வேறு வராது என்று ஊரே சொல்லும். அந்த மனுஷன்தான் ஐம்பத்தாறாம் வருஷம் பொய் சொன்னதற்காக மறியலில், அதாவது ஜெயிலில், கிடந்துவிட்டு வந்தான். கேட்டால் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

நடந்தது இதுதான். தேயிலைப் பெட்டிகளை நானுஓயா ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், ஸ்டீயரிங்கை மச்சினன் அழகனிடம் கொடுத்தான் மூக்கன். அழகன் அந்த லொறியின் கிளீனர். லைசன் இல்லை, பழகிக்கொண்டிருந்தான். இறக்கத்து வளைவில் கடைக்கார ஹசன் நானா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். லொறி அவரை ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்தது. மூக்கனே அவரைத் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அதுவரை சரி. பொலிஸ்காரர் வந்து யார் ஓட்டியது என்று கேட்டதும், "நான்தாங்க" என்றானே, அங்கேதான் சனி பிடித்தது.

அழகனுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். உண்மை தெரிந்தால் வேலையும் போகும், பெண்ணும் போகும். அதோடு, மூக்கன் இதைப் பொய் என்றே நினைக்கவில்லை. விடியற்காலைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும்போது, காய்ச்சலில் கிடப்பவளுக்காக அவள் நாத்தனார் "வந்திருக்குங்க" என்று குரல் கொடுப்பாள். சாயங்காலம் தன் கூடைக் கொழுந்தில் பாதியை அவள் பேரில் நிறுத்துக் கொடுப்பாள். கணக்கப்பிள்ளை மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மூக்கனின் அம்மா பிள்ளை பெற்றுக் கிடந்தபோதும் அடுத்த காம்பரா வீட்டுக்காரி அப்படித்தான் அவள் பேரைக் காப்பாற்றினாள். ஒருவர் வேலைக்கு இன்னொருவர் நிற்கலாம் என்றால், ஒருவர் குற்றத்துக்கு நிற்கக் கூடாதா? இதுதான் அவன் போட்ட கணக்கு. நல்ல கணக்கு போ!

நுவரெலியாக் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டும் அதையே சொன்னான். ஹசன் நானா கட்டையை ஊன்றி வந்து கூண்டில் ஏறினார்.

"ஓட்டினது இவரில்ல. பக்கத்துல இருந்தவர்தான் இவர்" என்றார்.

கண் சரியாகத் தெரிந்ததா, ஏதும் பகையா என்று அவரைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பின்னால் நின்ற அழகனுக்குப் பொறுக்கவில்லை. "நான்தாங்க ஓட்டுனேன்" என்று அழுதுவிட்டான். நீதவான் அழகனுக்கு அபராதம் போட்டார். சத்தியம் செய்து பொய் சொன்ன மூக்கனைக் கண்டி மறியலுக்கு அனுப்பினார்.

லயமே கொதித்தது. காலை உடைத்தவனுக்கு அபராதம், வாயால் சொன்னவனுக்கு மறியலா? ஆனால் நீதவானிடம் யார் போய்ச் சண்டை பிடிப்பது? எல்லாரும் சேர்ந்து ஹசன் நானா கடையில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள்.

மூக்கனும் உள்ளே அதே கேள்வியோடுதான் புழுங்கினான். வெளியே வந்த அன்று அவன் மனைவி வேலாயி நானுஓயாவில் காத்திருந்தாள்.

"தோட்டத்துத் தொரை ஒங்கள லொறில ஏத்த மாட்டேன்னுட்டாரு. நாளைக்கிப் பெரட்டுக்கு வந்து மலை வேலைக்கிப் போவணுமாம்" என்றாள். பிறகு, "தம்பி கல்யாணம் நிக்கலங்க. கோர்ட்ல ஒத்துக்கிட்டவன்தானேன்னு பொண்ணு சரின்னுருச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் நேரே ஹசன் நானா கடைக்குப் போனான். உள்ளே ஈ காக்கை இல்லை. தராசுத் தட்டு சும்மா தொங்கியது. நானா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நானா, மனசுல பட்டதச் சொல்லுங்க. இதுக்குப் போயி மறியலா?"

"தண்டன கூடத்தான் மூக்கன். நான் நீதவானா இருந்தா போட்டிருக்க மாட்டேன்."

மூக்கனுக்கு நெஞ்சு லேசானது. நானா முடிக்கவில்லை.

"என்ட கால டாக்டர் கட்டிட்டாரு. ஆனா நீங்க நான்தான்னு நின்னீங்க பாருங்க, அப்ப அந்தக் கோர்ட்ல பொய்யன் யாரு? நான்தானே. என்ட மக ஸுலைஹாவும் அங்க கேட்டுக்கிட்டு இருந்தா. எடை போட்டு விக்கிறவனுக்கு வாய்தான் முதல். இப்பவும் பாருங்க, உண்மையச் சொன்ன கடைக்கு ஆள் வரல்ல."

மூக்கன் ஆட்கள் உட்காரும் அந்தக் காலி வாங்குப் பலகையைப் பார்த்தான். மச்சினன் குற்றத்துக்குத்தான் நின்றோம் என்று இருந்தவனுக்கு, தன் பொய்யை இந்த மனுஷன் சுமந்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தில் காது சுட்டது.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை "மூக்கன்" என்று கூப்பிட்டார். அவன் வெட்கப்பட்டு வராமல் இருப்பானோ என்று பயந்த அழகன் முந்திக்கொண்டான்.

"வந்திருக்காருங்க."

"நீ சும்மா இரு மாப்ள" என்று மூக்கன் முன்னால் வந்தான். "என் பேருக்கு நானே பதில் சொல்றேன். எல்லாரும் கேட்டுக்கங்க. ஹசன் நானா சொன்னதுதான் உண்மை. பொய் சொன்னது நான். தண்டன கூடவோ கொறயவோ, அது எனக்கும் கோர்ட்டுக்கும். அவரு கடைய ஏன் காயப் போடுறீங்க?"

சாயங்காலம் வேலாயிதான் முதலில் பையோடு கடைக்குப் போனாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பெண்கள் போனார்கள். பிறகு லயமே போனது.

ஹசன் நானா நொண்டி நொண்டி பங்களாவுக்கு ஏறிப்போய்த் துரையைப் பார்த்தது மூக்கனுக்குப் பிறகுதான் தெரியும். "இனி இவரு பொய் சொல்ல மாட்டாரு தொரை, நான் பொறுப்பு" என்றாராம். கொழுந்து குறைந்த மாதம் ஒன்றில் லொறிச் சாவி திரும்பக் கைக்கு வந்தது. அதற்குள் அழகனும் பரீட்சை கொடுத்து லைசன் எடுத்திருந்தான்.

முதல் நாளே நானுஓயாவுக்கு ஓட்டம். அரிசி மூட்டை எடுக்க ஹசன் நானாவும் ஏறிக்கொண்டார். அதே வளைவில் பொலிஸ்காரர் கையைக் காட்டினார். லொறிக்குள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, யார் டிரைவர் என்று சிங்களத்தில் கேட்டார்.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே மூக்கனுக்கு வேர்த்துவிட்டது. "நான்தாங்க" என்றான்.

ஹசன் நானா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இந்தத் தடவ மெய்தான் ஐயா, நானே சாட்சி" என்றார்.